தேங்காயெண்ணெய் உறையாத வீடு

கொடைக்கானலில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. குளிரைப் பற்றிய திமிர். மற்றபடி நாங்கள் சாதாரண மனிதர்கள்தான். கரண்ட் பில்லைப் பார்த்தால் முகம் வாடும், சீசன் படுத்துவிட்டால் புலம்புவோம். ஆனால் எவராவது எதிரில் நின்று குளிருகிறது என்று சொல்லிவிட்டால் போதும், இதெல்லாம் ஒரு குளிரா, ஜனவரியில் வந்து பாருங்கள் என்று சொல்லிச் சிரிக்காமல் இருக்க எங்களால் முடியாது. ஜனவரியிலேயே வந்து சொன்னாலும் விடமாட்டோம். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் வந்திருக்க வேண்டும் என்போம்.

எனக்கு இந்தத் திமிர் மற்றவர்களைவிட ஒரு படி அதிகம். அதுதான் எனக்குப் பிழைப்பு. என் பெயர் பாசித். ஏரிக்குப் போகும் சாலையில் சம்சுல் ஆலம் என்பவருடைய கம்பளிக் கடையில் எட்டு வருடமாக நிற்கிறேன். ஸ்வெட்டர், குல்லா, சால்வை, கையுறை எல்லாம் விற்போம். கடை வாசலில் ஒரு பெரிய தெர்மாமீட்டர் தொங்கும். வெயிலே படாத மூலையாகப் பார்த்து முதலாளி அதை மாட்டியிருக்கிறார். வேனிலிருந்து இறங்குகிறவர்கள் அதில் பத்து டிகிரி என்று பார்த்ததுமே தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். மே மாதத்தில் மங்கி குல்லா வாங்கும் ஆட்களைப் பார்த்து நானும், பக்கத்து ஓட்டலில் ரூம் பாயாக இருக்கும் என் கூட்டாளி ஜேசனும் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. விற்ற பிறகுதான் சிரிப்போம். வியாபாரம் தெரிந்தவர்கள் நாங்கள்.

என் மனைவி சமீஹா பழனிக்காரி. மலையடிவாரம்தான், பஸ்ஸில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அங்கே மார்கழியிலும் ஃபேன் ஓடும். கல்யாணமாகி அவள் எங்கள் ஊரில் கழித்த முதல் குளிர்காலம் போன வருடத்தது. இரண்டாவது குளிர்காலம் வருவதற்குள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்களிடம் மாற்ற முடியாத வழக்கம்.

ஐப்பசிக் கடைசியில் எனக்கு மகள் பிறந்தாள். நாற்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திஹா ஓதி, சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். அன்றைக்கே இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு மலையேறிவிடலாம் என்று துள்ளிக்கொண்டு போயிருந்தேன். அந்த நாற்பது நாளில் பிள்ளையை நான் ஐந்து தடவைதான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதற்கு வேறு முகம் இருந்தது. இப்படியே போனால் என்னை யாரென்று தெரியாமல் வீறிட்டு அழும் என்கிற பயம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சமீஹாவின் அம்மா சபுரா மாமி பந்தியில் வைத்தே சொல்லிவிட்டார். பங்குனி பிறக்கட்டும், அப்புறம் அனுப்புகிறேன். இந்தக் குளிரில் பச்சை உடம்புக்காரியையும் கைப்பிள்ளையையும் மலையில் ஏற்ற முடியாது.

நான் வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் வீட்டில் குளிரே தெரியாது என்றேன். அது போதாதென்று, குளிர் எல்லாம் பழனிக்காரர்களின் மனதில்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். பந்தியில் இருபது பேர், இருபதும் பழனிக்காரர்கள்.

மாமி தால்ச்சா வாளியைக் கீழே வைத்தார். போன தை மாதம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது தலைக்கு எண்ணெய் தேய்க்கப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு சொட்டும் விழாமல், கரண்டிக் காம்பால் நோண்டி எடுத்தவர் அவர்.

"அப்படிங்களா மாப்ள? அப்ப ஒன்னு செய்வோம். ராத்திரி வெச்ச தேங்காயெண்ணெ காலையில ஒறையாம ஒங்க வீட்டுல இருக்கட்டும். நான் வந்து என் கண்ணால பாத்துட்டு மறுநாளே அனுப்பி வைக்கிறேன்."

பந்தியே சிரித்தது. நான் சரி என்றேன். எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய் மே மாதத்துக் காலையிலேயே உறைந்துதான் கிடக்கும். அதனால்தான் நாங்கள் வாய் அகலமான டப்பாவாகப் பார்த்து வாங்குவோம். இது தெரிந்த மலைக்காரன் எவனாவது இந்தப் பந்தயத்துக்கு ஒத்துக்கொள்வானா? வாய்க்கொழுப்பு உள்ளவன் ஒத்துக்கொள்வான். சமீஹா பிள்ளையை வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். பேசவில்லை. அம்மா முன்னால் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் வீடு அட்டுவம்பட்டியில் இருக்கிறது. வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, மேலே தகரம். முன்வீட்டில் இருக்கும் புஷ்பமேரி அக்காதான் வீட்டுக்கு உடையவர். ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர்.

முதல் நாள் ஜேசன் தன் ஓட்டலில் ஒதுக்கிப் போட்டிருந்த ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சாயங்காலம் போட்டதை விடியும்வரை அணைக்கவில்லை. அதன் எதிரில் உட்கார்ந்தால் முழங்கால் பொசுங்கியது, முதுகு விறைத்தது. விடிந்ததும் புஷ்பமேரி அக்கா மீட்டர் பெட்டிக்குக் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார்.

"தம்பி, நீங்க ரூமையா சூடு பண்ணுறீங்க? அட்டுவம்பட்டியவே சூடு பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. ஹீட்டரை ஜேசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் சுவராகப் போனேன். புகை நேராக எழும்பினால் சரி. சாய்ந்தால் அங்கே ஓட்டை. பதினோரு இடத்தில் சாய்ந்தது. கதவுக்கு அடியில் சாயக்கூட இல்லை, அப்படியே படுத்துவிட்டது. இருபத்தொன்பது வயது வரை இந்த மலையில் வாழ்ந்த எனக்கு, காற்று வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பிறகு நான் செய்தவற்றில் காசு கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. கடைக்கு லூதியானாவிலிருந்து வரும் சரக்கில் கோணிச் சாக்கும் அட்டைப்பெட்டியும் மலைபோலச் சேரும். குமிழ் குமிழாக இருக்குமே, பிள்ளைகள் டப் டப்பென்று உடைத்து விளையாடும் பிளாஸ்டிக் தாள், அதுவும் சுருள் சுருளாகக் கிடக்கும். முதலாளி அதையெல்லாம் எடைக்குப் போடுவதற்கு முன் நான் போய் நிற்பேன். குமிழ்த் தாளைச் சன்னல் அளவுக்கு வெட்டி, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டினேன். வெளிச்சம் வந்தது, வெளியே இருந்த குளிர் வரவில்லை. இடுக்குகளில் பழைய தினசரியைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்துத் திணித்தேன். கிழிந்த ஜீன்ஸ் பேண்ட்டின் ஒரு காலை வெட்டி, உள்ளே உமியை அடைத்து இரண்டு பக்கமும் தைத்துக் கதவடியில் போட்டேன். ஜேசன் அதைப் பார்த்துவிட்டு, யாரையோ கொன்று காலை மட்டும் வாசலில் போட்டிருக்கிறாய் என்றான்.

தகரத்துக்குக் கீழே அட்டையை வரிசையாகக் கட்டி, அதன்கீழ் ஓட்டலில் கழித்துவிட்ட திரைச்சீலைகளை இழுத்துக் கட்டினோம். மயில்போட்ட சீலை. அண்ணாந்து படுத்தால் ஒன்பது மயில் நம்மையே பார்க்கும். தரையில் அட்டை, அதன்மேல் கோணி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்தோம். அறை முழுவதையும் சூடாக்குவது நம்மால் ஆகாது, கட்டிலைச் சூடாக்கினால் போதும் என்று புஷ்பமேரி அக்கா சொன்னதில், கட்டிலைச் சுற்றிக் கம்புகள் நட்டு மூன்று பக்கமும் கனமான சீலையைத் தொங்கவிட்டேன்.

கரி அடுப்பு ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அக்கா என்னை அடிக்காத குறைதான். கதவைச் சாத்திக்கொண்டு கரியை எரித்தால் விஷக்காற்றில் தூக்கத்திலேயே போய்ச் சேருவீர்கள், அதற்குக் குளிரே மேல் என்றார். பதிலுக்கு ஒரு வழி சொன்னார். வெந்நீர் பாய்லருக்கு எப்படியும் காய்ந்த வாட்டில் மரச் சுள்ளி போட்டு எரிக்கிறோம். அந்தத் தணலின் ஓரத்தில் நாலு செங்கலை வைத்துவிட்டால் போதும். சூடேறியதும் எடுத்துக் கோணியில் சுற்றி, அதன்மேல் ஒரு துண்டையும் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் விடியற்காலை நாலு மணிவரை கதகதப்பு இருக்கும்.

பகலில் வெயில் இருக்கிறது, அதற்கு மீட்டர் கிடையாது. பத்து மணிக்கு மேல் சன்னலைத் திறந்து வெயிலைத் தரைவரை விட வேண்டும். மூன்று மணிக்கு மேகம் ஏறி வருவதற்குள் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். நான் கடையில் நிற்கும் நேரம் அது. விடுதியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வரும் அக்காதான் அதைச் செய்தார். நான் கேட்கவில்லை. அவராகவே செய்துவிட்டு, மறந்துபோகிற ஆள் நீங்கள் என்று என்னைத்தான் திட்டினார்.

இத்தனையும் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடை தெர்மாமீட்டரை ராத்திரிக்கு வீட்டுக்கு எடுத்து வந்து, காலையில் திரும்ப மாட்டுவேன். ஒருநாள் மாட்ட மறந்துவிட்டேன். அன்றைக்கு வியாபாரம் படுத்துவிட்டதாம். எத்தனை டிகிரி என்று தெரியாவிட்டால் ஜனங்களுக்குக் குளிரே வருவதில்லை என்று முதலாளி குதித்தார்.

ஆரம்பத்தில் விடியற்காலையில் அறைக்குள் ஒன்பது காட்டியது. சன்னலை அடைத்த பிறகு பதினொன்று. கூரைக்குப் பிறகு பதினாலு. கட்டில் சீலைக்குள் செங்கலோடு பதினாறு, ஒரு நாள் பதினேழு. தினமும் சாயங்காலம் சமீஹாவுக்குப் போன் போட்டு இந்தக் கணக்கைச் சொல்வேன். அவள் "ம்" என்பாள். பிறகு பிள்ளை சிரித்ததை, தும்மியதை, வயிறு உப்பியதைச் சொல்வாள். பதினாறு ஆகிவிட்டதே, உனக்கு ஒரு சந்தோஷமும் இல்லையா என்று ஒருநாள் கத்திவிட்டேன். அதற்கும் "ம்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். மாமிதான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைப் பொத்துகிறார் என்று முடிவு கட்டினேன்.

எண்ணெய் மட்டும் அசையவே இல்லை. ஒன்பதிலும் கல், பதினேழிலும் கல். அது இளக வேண்டும் என்றால் இருபத்தைந்து டிகிரியாவது வேண்டும் என்று ஜேசன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். எங்கள் ஊரில் நட்ட நடுக் கோடையில் நட்ட நடுப் பகலில்கூட அது வந்தால்தான் உண்டு.

நான் திருடனானது அந்த இடத்தில்தான். மலிவு சரக்காக விற்கும் ஒரு பாக்கெட் எண்ணெய் உண்டு. தேங்காய்ப் படம் போட்டிருக்கும், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறதோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம். எந்தக் குளிருக்கும் உறையாது என்று சொல்லியே அதை விற்கிறார்கள். ஒன்று வாங்கி வந்து, சுத்தமாகக் கழுவிய பாட்டிலில் ஊற்றி, கட்டிலுக்கு மேலே அலமாரியில் வைத்தேன். காலையில் கவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது. உடனே மாமிக்குப் போன் போட்டு, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. பிள்ளை முகம் பார்க்கும் ஆசை ஒருவனை எவ்வளவு சுலபமாகப் பொய்யனாக்கிவிடுகிறது.

தை பிறந்து பத்து நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மாமி தனியாக வந்து இறங்கினார். சமீஹாவையும் பிள்ளையையும் மாமாவின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவடியில் கிடந்த பேண்ட் காலைத் தன் காலால் மிதித்துப் பார்த்தார். மயில்களை எண்ணினார். சன்னல் குமிழ் ஒன்றைப் பட்டென்று உடைத்துவிட்டு, நான் பார்த்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தார். எதற்கும் நல்லது கெட்டது சொல்லவில்லை. ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் கட்டில் சீலைக்குள் போய்விட்டார். நான் செங்கலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சமையற்கட்டில் படுத்துக்கொண்டேன்.

விடிந்தபோது வெளியே புல் எல்லாம் வெள்ளையாக உறைபனி. மாமி நான் வைத்த வெந்நீரில் ஒளுச் செய்து தொழுது முடித்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். போனேன்.

அலமாரியில் இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று மாமி தன் தலைக்குத் தேய்க்கப் பையில் போட்டுக் கொண்டுவந்தது, பழனியில் செக்கில் ஆட்டிய எண்ணெய். படுக்கும் முன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அவர் என் பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். எண்ணெய் ஓடியது. தன் பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தார். மெழுகாக நின்றது. இரண்டையும் பழையபடி வைத்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் மாப்ள என்று கேட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது என்னைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினேழுக்கு மேல் என்னால் முடியவில்லை, பிள்ளை என் முகத்தை மறந்துவிடும் போலிருந்தது, அதனால்தான் செய்தேன் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"ஒக்காருங்க மாப்ள. புள்ளைக்குக் குளிருமேன்னு நான் தடுக்கல. கைப்புள்ளைய நெஞ்சோட சேத்துப் பொத்திக்கிட்டா அது பாட்டுக்குத் தூங்கும், அது எந்த ஊரா இருந்தா என்ன. எம்மகதான் வர மாட்டேங்குறா."

எனக்குப் புரியவில்லை. சமீஹாவா என்றேன்.

"அவதான். பொட்டப்புள்ள புருசன் வீட்டுக்குப் போக மாட்டேன்னு வாய் விட்டுச் சொன்னா நாலு சனம் நாலு பேசும். அதான் பழிய எண்ணெ மேல போட்டேன். நீங்க என்னன்னா சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டீங்க."

நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"போன தையில ராத்திரியெல்லாம் ஒங்க ஸ்வெட்டர எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கா. அவளோடதும் ஒங்களோடதும் ரெண்டும். வெள்ளனே நீங்க எந்திரிக்க முன்ன கழட்டி, ஆணியில மாட்டிருவாளாம். ஏன்டி கழட்டுன, போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். பாத்தா சிரிப்பாரும்மான்னு சொன்னா."

போன வருடம் காலையில் எழுந்து ஆணியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்துப் போடும்போதெல்லாம் அது கதகதப்பாக இருக்கும். சரக்கு என்றால் இதுவல்லவா சரக்கு, ராத்திரி முழுக்கத் தொங்கியும் சூடு போகவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். கடையில் வருகிறவர்களிடம் அதையே சொல்லி விற்றும் இருக்கிறேன். அந்தச் சூடு என் மனைவியின் உடம்புச் சூடு. இரண்டு நிமிடம் முன்னால்வரை அவள் அதற்குள் இருந்திருக்கிறாள். அவள் இரண்டு துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பழனி மகாராணிக்கு ஜனவரியைக் காட்டினால் என்ன செய்வாள் என்று ஜேசன் முன்னால் நான் கேட்டதும், அவளும் சேர்ந்து சிரித்ததும் நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மாமியார் முன்னால் அழுவதைப் போன்ற கேவலம் இல்லை என்று தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமி அதைப் பார்க்காதவர் மாதிரி எழுந்து, தன் பாட்டிலை வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தார். ராத்திரி நன்றாகத் தூங்கியதாகவும், செங்கல் காலுக்கு இதமாக இருந்ததாகவும் சொன்னார். பதினொரு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றார்.

"வீடு நல்லாருக்குன்னு நான் சொல்லிக்குறேன். நீங்க சொல்ல வேண்டியது வேற. அத நீங்கதான் சொல்லணும்."

அவர் போன பிறகு கடைக்குப் போகவில்லை. முன்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து போன் போட்டேன். டிகிரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போன வருடம் உனக்குக் குளிரியதா என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. பிள்ளை எங்கோ முனகுவது கேட்டது.

"குளிருச்சு," என்றாள். "ரொம்பக் குளிருச்சுங்க."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது சமீஹா."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. பேசியபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது. இதுவரை நான் கேட்டிராத தெளிவு.

"நான் வந்தா குளிருதுன்னு சொல்லுவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவ சொல்லுவேன். பகல்லயும் சொல்லுவேன்."

சொல்லு என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பிள்ளை என்னைப் பார்த்து அழவில்லை. என் மூக்கையே கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. அதைப் போன்ற மரியாதை எனக்கு யாரும் செய்ததில்லை. சமீஹா சன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கட்டில் சீலையை விலக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். மயில் நன்றாக இல்லை என்றாள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. குளிரைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ராத்திரி இரண்டு பேரும் நன்றாகத்தான் தூங்கினார்கள். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. இவள் இன்னும் சொல்லாமல்தான் இருக்கிறாளோ என்று விடியற்காலையில் எழுந்து ஆணியைப் பார்ப்பேன். ஸ்வெட்டர் சில்லென்று தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் ஜேசன் பிள்ளையைப் பார்க்க வந்தான். கையில் பிளம் கேக். கடைக்கு அன்று வார விடுமுறை, நானும் வீட்டில் இருந்தேன். மேகமே இல்லாத வெயில் திறந்திருந்த சன்னல் வழியாக வந்து ஜமுக்காளத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜேசன் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் ஜெர்க்கின் ஜிப்பைக் கீழே இறக்கினான். பத்தாவது நிமிடத்தில் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சமீஹா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"குளிருதுங்க," என்றாள்.

ஜேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடி என் பக்கம் திரும்பி, அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தான். எட்டு வருடமாக அவனோடு சேர்ந்து சிரித்தவன் நான். இதெல்லாம் ஒரு குளிரா என்பது என் வாயில் தயாராக இருந்தது. சமீஹாவைப் பார்த்தேன். அவளுடைய மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. அவள் சன்னலைப் பார்க்கவில்லை, ஜேசனையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.